பேரனின் முதல் 'வேட்டை'

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கதைகளில் வான்கோழி வேட்டையும் ஒன்று. அங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழியைச் சுட அரசாங்கமே அனுமதிச் சீட்டு வழங்குகிறது. பல மாநிலங்களில் பெரியவர்களின் பருவம் தொடங்குமுன் சிறுவர்களுக்கென்று ஓரிரு நாட்களை ஒதுக்குகிறார்கள். தகப்பனோ தாத்தாவோ அருகில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த என் பதினொரு வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, என் ஃப்ரெண்டை அவங்க அப்பா டர்க்கி ஹண்டிங் கூட்டிட்டுப் போனாரு. நீங்க என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"அப்பா, அவனுக்கு ஆசை காட்டாதீங்க" என்றாள் என் மகள் உள்ளேயிருந்து.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. துப்பாக்கி மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பொறி வைத்துப் பிடிப்பதும், பிடிக்க முயல்வதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று.

'கூடாது' என்ற ஒரே சொல்லோடு பையனை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. வேட்டையில் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டால், மீதியெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று தோன்றியது.

நம் காட்டின் கோழி

நம் காடுகளில் வான்கோழி கிடையாது. ஆனால் அதற்குச் சற்றும் குறையாத எச்சரிக்கையுள்ள பறவை ஒன்று உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு ஒரே பெயர்: காட்டுக்கோழி. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. சேவலின் உடல் சாம்பல் நிறம். கழுத்து இறகுகளில் மெழுகு பூசியதுபோல் மின்னும் மஞ்சள் புள்ளிகள். அந்த இறகுகளே அதற்கு வினையாகவும் முடிந்தன. ஐரோப்பாவில் மீன்பிடிப் பொழுதுபோக்குக்கான செயற்கை ஈக்கள் செய்ய, இந்தச் சேவல்களைக் கொன்று ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது.

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை வடக்கே வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல வீட்டுக்கோழிகளின் தோலில் காணும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

வித்துராவில் ஒரு விடியற்காலை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் வழியில் வித்துரா இருக்கிறது. அருகிலேயே 1983-இல் அமைந்த பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். தலைநகருக்குக் குடிநீர் தரும் அணையும் அங்கேதான். நாங்கள் சரணாலயத்துக்குள் போகவில்லை. என்னோடு ரயில்வேயில் பணியாற்றிய மலையாள நண்பர் ஒருவரின் ரப்பர் தோட்டம் காட்டோரத்தில் இருக்கிறது. அங்கே தங்கினோம்.

அமெரிக்க வேட்டைக்காரர் செய்வதையே செய்தோம். முதல் நாள் மாலை, பறவை எந்தப் பக்கம் அடைகிறது என்று காது கொடுத்துக் கேட்டோம். காட்டுக்கோழி இரவில் மரத்திலோ மூங்கிலிலோ அடையும். விடிந்ததும் இறங்கித் தரையைக் கிளறி விதைகளையும் கறையானையும் தின்னும். மறுநாள் இருட்டோடு எழுந்து, காட்டுக்குள் கால் வைக்காமல், தோட்டத்து எல்லையில் ஒரு பெரிய பலா மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். யானை நடமாடும் பகுதியாதலால் நண்பரும் துணைக்கு இருந்தார்.

பேரனுக்கு மூன்று விதிகள்: பேசக்கூடாது, அசையக்கூடாது, கைபேசியை எடுக்கக்கூடாது. கொசு கடித்தது. பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தான். அப்போதுதான் கூவல் கேட்டது. நாட்டுச் சேவலின் நீண்ட கொக்கரக்கோ அல்ல. வெட்டி வெட்டி நாலைந்து அசையில் முடியும் கூவல். பையன் நெளிவதை நிறுத்திவிட்டான். அடுத்த கூவல் எந்தத் திசை என்று விரலால் காட்டினான். சரியாகவே காட்டினான்.

ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்துப் புதரிலிருந்து முதலில் ஒரு பெட்டை, பின்னால் சேவல். இருபது அடி தூரம்தான் இருக்கும். சேவல் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. பேரன் மூச்சுக்கூட விடவில்லை. சருகைக் கிளறிவிட்டு இரண்டும் மறுபடி உள்ளே போயின.

"நாம ஒண்ணும் எடுத்துட்டுப் போகலையே தாத்தா, இது வேட்டையா?" என்று கேட்டான்.

"உன் ஃப்ரெண்ட் சுட்ட பறவை அன்னிக்கோட போச்சு. இது நாளைக்கும் இங்கேதான் கூவும்" என்றேன்.

அவன் நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், திசை, 'சேவல் 1, பெட்டை 1' என்று எழுதினான். மறுநாளும் போனோம். கூவல் மட்டும் கேட்டது, பறவை வரவில்லை. அதையும் எழுதிக்கொண்டான்.

பறவையறிஞர் சாலிம் அலியும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியோடு திரிந்தவர்தான். சுட்ட குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது என்ன இனம் என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதில் தொடங்கியது அவர் வாழ்க்கைப் பணி. 1933-இல் இதே திருவிதாங்கூர்க் காடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்க அவர் வந்தார். பையன்களுக்கு வேட்டை ஆசை இருப்பதில் தவறில்லை. அதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது பெரியவர்கள் கையில் இருக்கிறது.

நம் சங்க அன்பர்களின் வீடுகளுக்கும் விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். பத்மநாபசாமி கோயிலும் கோவளமும் காட்டிய பிறகு ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் அட்டையும் குறைவு. மங்கலான நிறத்தில் உடை, ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதியும் அவர்களின் வழிகாட்டியும் கட்டாயம் வேண்டும். இடம் தெரிந்த ஒருவர் இல்லாமல் விடியலுக்கு முன் காட்டோரம் போகாதீர்கள். முதல் நாளே பறவை வந்துவிடும் என்று மட்டும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.