நெல்லைத் தேடி வந்த படைகள்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கிழக்கே வெள்ளாறு புவனகிரியைத் தொட்டுக்கொண்டு பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போகிறது. ஊருக்குத் தெற்கே வீராணம் ஏரிக்கரை. கும்பகோணம் சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களும் நெல் மூட்டை லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாட்கள் உண்டு. இந்த வட்டாரத்தை ராணுவ வரலாற்றோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. ஆனால் இங்கிருந்து கடல்வரைக்கும் கடலூர்வரைக்கும் உள்ள மண்ணில் திரும்பத் திரும்பப் படைகள் வந்து இறங்கியிருக்கின்றன. வந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு கொடி பிடித்தார்கள். தேடியது பெரும்பாலும் ஒன்றைத்தான்: ஏரியும் வாய்க்காலும் விளைய வைத்த நெல்.

வீராணமே ஒரு படையின் கதையோடுதான் தொடங்குகிறது. முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டப்பெயர். அதுவே ஏரியின் பெயர். அவன் மகன் இராசாதித்தன் வடக்கேயிருந்து வரவிருந்த இராஷ்டிரகூடப் படையை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் தண்டு இறங்கியிருந்தான். போர் வரும்வரை சும்மா இருந்த வீரர்கள் வெட்டிய ஏரி இது என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 949-இல் தக்கோலத்தில் போர் நடந்தது. இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். சோழர் தோற்றார்கள். ஏரி நின்றது. மண்வெட்டி பிடித்த வீரர்களில் எத்தனை பேர் தக்கோலத்திலிருந்து திரும்பினார்கள் என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

அந்த ஏரிக்கு இன்று காவிரித் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004 முதல் இந்தத் தண்ணீரைச் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றி, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அனுப்பக்கூடிய திட்டம் அது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் பூதங்குடி வி.என்.எஸ்.எஸ். மதகைத் திறந்து வெள்ளாற்றில் விடுகிறார்கள். போருக்குக் காத்திருந்த படை வெட்டியது என்று சொல்லப்படும் ஏரியில்தான் சென்னைக்காரர்களின் காலைக் குளியல் நடக்கிறது. இராசாதித்தனுக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் கட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

எல்லாப் படையும் மண்வெட்டியோடு வரவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். மீட்க வந்த போசளத் தளபதிகள் அவனுடைய ஊர்களை அழித்துக்கொண்டே போனார்கள். வழியில் தில்லைப் பொன்னம்பலத்தில் வணங்கிவிட்டு, மறுபடியும் அழித்தார்கள். எந்தெந்த ஊர் என்பதையும், கொளுத்தியதையும், கொள்ளையடித்ததையும், பெண்களைப் பிடித்ததையும் திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு ஒளிக்காமல் வரிசையாகச் சொல்கிறது. வெற்றிக் கல்வெட்டுதான். ஆனால் அதைப் படிக்கும்போது எரிந்த ஊர்க்காரர்கள்தான் கண்முன் வருகிறார்கள். திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை எல்லாம் அந்தக் கல்வெட்டில் வருகின்றன. இன்று நாம் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்கள்.

பரங்கிப்பேட்டைக்கு வருவோம். 1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். தன் மகன் கரீம் சாகிபைப் பரங்கிப்பேட்டையைச் சூறையாட அனுப்பினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படைப் பிரிவொன்று அழிந்தது. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த ஜெனரல் அயர் கூட் 1781 பிப்ரவரியில் கடலூருக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் மாதக்கணக்கில் அசைய முடியாமல் கிடந்தார். காரணம் சோறு. சுற்று வட்டார ஊர்களை ஹைதரின் குதிரைப்படை வெறுமையாக்கியிருந்தது. வண்டி மாடு கிடைக்கவில்லை. அரிசி மதராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் கூட்டின் படை கடற்கரையை விட்டு உள்ளே வர முடியாத படையாக இருந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பீரங்கி இருந்தது, உலை வைக்க அரிசி இல்லை.

சிதம்பரம் கோயிலுக்குள் தானியம் சேமித்திருப்பதாகவும் காவல் குறைவு என்றும் சேதி வந்தது. ஆனி மாதம், 1781 ஜூன் 18. கூட் வெள்ளாற்றைத் தாண்டித் தில்லையின் மதிலைத் தாக்கினார். கம்பெனிச் சிப்பாய்கள் வெளிச்சுற்றில் நுழைந்தும் உள் மதிலைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்த ஹைதரின் காவல்படை அடித்த அடியில் பலரை இழந்து பின்வாங்கினார்கள். கோபுரங்களையும் உயர்ந்த மதில்களையும் பார்த்துக் கோட்டை என்று முடிவு செய்தவர்கள் அதற்கு முன்னும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களும் அந்தக் கோயிலில் படை வைத்திருந்தார்கள். இன்று அதே ஆனியில் திருமஞ்சனத்துக்குக் கூட்டம் தேர் வீதிகளை நிறைக்கிறது. அந்த மதிலடியில் விழுந்த சிப்பாய்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எவருக்காவது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சிதம்பரத்தில் கூட் பட்ட அடி ஹைதருக்குத் துணிவு தந்தது. நூறு மைல் தொலைவை இரண்டரை நாளில் கடந்து வந்து, பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் நடுவே வழியை மறித்துப் பீரங்கி மேடுகள் அமைத்தார். கூட்டிடம் இருந்தவர்கள் சுமார் 8,000 பேர். பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு. ஜூலை 1 காலை கூட் வடக்கே நகர்ந்தார். வலப்பக்கம் கடல், நடுவில் மணல்மேடுகள். நேரே பீரங்கி வாயில் போய் விழாமல், மேடுகளின் மறைவில் வலப்பக்கமாகச் சுற்றி, அங்கிருந்த ஓர் இடைவெளி வழியாக ஹைதரின் பக்கவாட்டில் வெளிப்பட்டார். பின்வரிசை மணல்மேட்டைப் பிடித்து நின்றது. கடலிலிருந்து ஒரு சிறு கப்பலும் குதிரைப்படைமேல் சுட்டது. பிற்பகலில் மைசூர்ப் படை விலகியது. ஹைதர் மேட்டில் போட்ட ஆசனத்தைவிட்டு எழ மறுத்ததாகவும், பழைய குதிரைக்காரர் ஒருவர் உரிமையோடு காலில் செருப்பை மாட்டிவிட்டுக் குதிரையேற்றியதாகவும் வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாற்றில் வருகிறது. கம்பெனித் தரப்பில் இறந்தும் காயப்பட்டும் போனவர்கள் சுமார் 300. மைசூர்த் தரப்பு இழப்பை ஆங்கிலேயக் கணக்குகள் 10,000 வரை ஏற்றிச் சொல்கின்றன. வென்றவன் எழுதிய கணக்கு அது. மிகை என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கடற்கரை இப்போது மீனவக் குப்பங்களும் சவுக்குத் தோப்புகளுமாக இருக்கிறது. புதுச்சத்திரம் பக்கம் அனல்மின் நிலையம் வந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஆராய்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையை ஆழிப்பேரலை அடித்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. அந்த இரண்டையும் பற்றிக் கேட்டால் குப்பத்துப் பெரியவர்கள் நாள் முழுக்கச் சொல்வார்கள். 1781 பாடப்புத்தகத்தில் ஒரு வரி.

கடலூரின் கதை இன்னும் கொடுமை. 1690-இல் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தொலைவுவரை உள்ள நிலமும் கிராமங்களும் விற்பனையில் சேர்ந்தன. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே நின்றுவிட்டது. தன் ஊர் தனக்குத் தெரியாமலே ஒரு பீரங்கி வெடியால் கை மாறியதை அங்கே உழுதுகொண்டிருந்தவர் எப்போது தெரிந்துகொண்டாரோ. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, 1746 முதல் சில ஆண்டு, புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற இந்தக் கோட்டைதான் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். கெடிலத்தின் கரையில் சிதைந்த சுவர்கள் மட்டும் மிச்சம். பக்கத்தில் வெள்ளிக் கடற்கரையில் மாலையானால் குடும்பம் குடும்பமாகச் சுண்டல் தின்று கடல் பார்க்கிறார்கள்.

1783 ஜூனில் கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். 13-ஆம் தேதி ஒரே நாளில் ஆங்கிலேயத் தரப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். 20-ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரனும் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் மோதினார்கள். 25-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் வெளியே பாய்ந்து தாக்கியபோது பிடிபட்டவர்களில் பெர்னதோத் என்ற இளம் சார்ஜென்ட்டும் இருந்தார் என்பார்கள். பின்னாளில் அவர் சுவீடன் நாட்டு அரசரானார். மாதக் கடைசியில்தான் கப்பலில் செய்தி வந்தது. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி 20-ஆம் தேதியே சமாதான உடன்படிக்கையின் முன்வடிவில் கையெழுத்திட்டுவிட்டன. ஐந்து மாதம் முன்பே முடிந்துபோன பகைக்காகக் கடலூர் மண்ணில் இரு தரப்புச் சிப்பாய்களும் செத்தார்கள். எனக்கு இந்த வட்டார வரலாற்றில் ஆறாத இடம் இது.

கூட்டுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனி எழுப்பிய பெரிய சலவைக்கல் சின்னம் இருக்கிறது. அதில் ஓர் இந்தியர் உண்டு, கைதியாக அமர்ந்து அழுதபடி. கூட்டின் வரிசையில் நின்று அவருக்காகச் சண்டையிட்ட மதராஸ் சிப்பாய் அந்தக் கல்லில் இல்லை.

சாதாரணச் சிப்பாயை நினைவில் வைப்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். கூட் பரங்கிப்பேட்டையில் போரிட்டபோது அங்கே வெள்ளையர் குடியேற்றமே தொடங்கவில்லை. 1788-இல்தான் சிட்னியில் இறங்கினார்கள். அந்த நாட்டுக் கடற்படையின் முதல் பெரிய வெற்றிக்கு நம் கரையோடு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இலங்கைப் பக்கம் போனது. அந்தக் கப்பலை நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி சுட்டுச் சிதைத்துக் கரைதட்ட வைத்தது. எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. சென்னையிலும் உயர்நீதிமன்ற மதிலில் அந்த இரவை நினைவூட்டும் ஒரு கல் இருக்கிறது.

1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் இறங்கி, எட்டு மாதம் கழித்துத் தோற்றுத் திரும்பிய படையெடுப்பை ஆஸ்திரேலியர்கள் ஒவ்வோர் ஆண்டும் விடியலில் கூடி நினைக்கிறார்கள். அன்று அவர்களோடு இந்திய மலைப் பீரங்கிப் படைகளும் இறங்கின. கான்பெராவில் 1941-இல் திறந்த போர் நினைவகத்தின் வெண்கலப் பலகைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி கிடையாது, பட்டம் கிடையாது, பெயர் மட்டும். சிப்பாயும் தளபதியும் ஒரே அளவு எழுத்தில். அங்கும் குறை உண்டு. தங்கள் மண்ணைக் காக்க வெள்ளையரோடு போரிட்டு மாண்ட ஆதிகுடிகளுக்கு அந்த நினைவகத்தில் உரிய இடம் எது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் தோற்ற போரில் செத்த சாதாரண மனிதனின் பெயரைத் தேடி எழுதிவைத்த அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். நம்மிடம் அது இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

மறுபடியும் நம் ஏரிகளுக்கு வருவோம். 1785-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். கர்நாடகத்தை ஹைதரின் படை பாழாக்கியதைச் சொன்னவர், கூடவே இந்த நாட்டின் ஆயிரக்கணக்கான ஏரிகளைப் பற்றியும், அவற்றை வெட்டிவைத்த பழைய அரசர்களைப் பற்றியும் மனம் உருகிப் பேசினார். இந்த மண்ணை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஏரி போனால் நாடு போயிற்று என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

நம் காலத்திலும் இது புரிய வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத்துக்கான மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலைக்காக, நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கின. காவலுக்குப் போலீஸ் படை. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்பது நிறுவனத்தின் வாதம். பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். இதைப் போர் என்று சொல்ல மாட்டேன். கதிர் பிடிக்க வேண்டிய பயிரைக் கண்ணெதிரே மண்ணோடு புரட்டியபோது வரப்பில் நின்று அழுதவர்களின் வலி மட்டும் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

பரங்கிப்பேட்டைப் போருக்கு 2031 ஜூலை 1 அன்று 250 ஆண்டு நிறைகிறது. அதற்குள் பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் போகும் சாலையோரம் ஒரு கல் நட வேண்டும். அதில் கூட், ஹைதர் பெயர்களுக்கு முன்னால், இரு தரப்பிலும் விழுந்த சிப்பாய்கள், பீரங்கி இழுத்த மாட்டுக்காரர்கள், தலைச்சுமையாக அரிசி தூக்கியவர்கள், ஊரை விட்டு ஓடிய குடியானவர்கள் என்று தமிழில் எழுத வேண்டும். மாவட்ட நிர்வாகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையும் மனம் வைத்தால் போதும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் ராணுவத் துறைப் பதிவுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இளைஞர்கள் சிலர் ஓரிரு ஆண்டு அங்கே உட்கார்ந்து புரட்டினால் கல்லில் பொறிக்கச் சில பெயர்களாவது கிடைக்கக்கூடும்.