ஒரு தொண்டை, ஏழு ஆட்கள்

2008-இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில் கமல்ஹாசனுக்குப் பத்து வேடங்கள். அதன் தெலுங்குப் பதிப்பில் ஏழு வேடங்களுக்குக் குரல் கொடுத்தவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். அந்த ஏழில் ஒரு பாட்டியும் உண்டு. எங்கே கேட்டாலும் இன்னார் என்று நாம் சொல்லிவிடும் ஒரு குரல், ஏழு வெவ்வேறு உடம்புகளில் போய் உட்கார்ந்தது. ‘அது கடவுள் கொடுத்த வரம்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். டப்பிங் பேச ஆசைப்படும் இளைஞர்களிடமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறோம்: “உனக்கென்ன, நல்ல குரல், டப்பிங் பேசலாமே!” நல்ல குரல் இருந்தால் போதும் என்ற இந்த நம்பிக்கை பலரைத் தவறான இடத்தில் பாடுபட வைக்கிறது. சிலருக்குத் தொண்டையையே கெடுத்துவிடுகிறது.

குரல் பிறக்கும் இடம் ஒன்று, அது ஓர் ஆளாக உருவெடுக்கும் இடம் வேறொன்று. குரல்வளைக்குள் எதிரெதிராக இருக்கும் இரண்டு குரல்நாண்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு முன்பின் நீளமுள்ள தசை மடிப்புகள். நுரையீரலிலிருந்து மேலேறும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. அவற்றின் மீள்தன்மையும், விரைந்தோடும் காற்றில் விழும் அழுத்தக் குறைவும் சேர்ந்து மறுபடி மூடுகின்றன. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களுக்கு இது நொடிக்குச் சுமார் 120 தடவையும் பெண்களுக்குச் சுமார் 210 தடவையும் நடக்கிறது. அந்த இடத்தில் மட்டும் காதை வைத்துக் கேட்க முடிந்தால் வெறும் ரீங்காரம்தான் கேட்கும். நாதஸ்வரத்தின் சீவாளியைத் தனியே கழற்றி ஊதினால் வரும் கீச்சொலிக்கும் முழு நாதஸ்வரத்தின் ஒலிக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் அந்த ரீங்காரத்துக்கும் நம் பேச்சுக்கும். நடுவில் இருப்பது குழாய். குரல்நாண் முதல் உதடு வரை, வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். பெண்ணுக்குச் சுமார் 14. குழந்தைக்கு இன்னும் குட்டை. மூலம் ஒன்று, வடிகட்டி ஒன்று என்ற இந்தக் கணக்கை முழுமையாக வகுத்து 1960-இல் நூலாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் ஃபாண்ட்.

ஒரு முனை மூடிய 17 சென்டிமீட்டர் குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களை ஒட்டிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். 14 சென்டிமீட்டர் குழாய்க்கு அது 600, 1800, 3000 என்று மேலேறும். பேசுபவர் நெடியவரா, குட்டையானவரா, சிறுவனா என்பதை நம் மூளை பெருமளவு இந்த இடைவெளிகளை வைத்தே ஊகிக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சுருதியில் ‘ஆ’ என்று நீட்டிக்கொண்டே உதடுகளைக் குவித்து முன்னால் தள்ளுங்கள். பிறகு அகலச் சிரியுங்கள். சுருதி மாறவில்லை, ஆனால் பேசுகிற ஆளின் அளவு மாறிவிடும். தொண்டைமேட்டில் விரலை வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் செய்தால் குரல்வளை கீழே இறங்குவது விரலுக்கே தெரியும், குழாய் நீண்டுவிட்டது.

பின்னணிக் குரலின் வித்தையில் பெரும்பங்கு இந்தக் குழாயில்தான் இருக்கிறது. ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியவர் வளர்ந்த பெண்ணான எம்.எஸ்.ராஜேஸ்வரி. சுருதியை மட்டும் ஏற்றியிருந்தால் ஒரு பெண் கீச்சிடுவதாகவே ஒலித்திருக்கும். புதிதாக வருபவர்கள் குழந்தைக் குரலில் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். உதட்டை விரித்து, நாக்கை முன்னால் கொண்டுவந்து, குரல்வளையைக் கொஞ்சம் உயர்த்தி, குழாயைச் சுருக்க வேண்டும். வில்லன் குரலுக்கு இதற்கு நேர் எதிர் வேலை. அதைச் செய்யாமல் குரல்நாண்களை நெரித்துக் கரகரப்பு வரவழைப்பவர்கள் இரண்டு சீனுக்குப் பிறகு இருமத் தொடங்குகிறார்கள்.

திரையில் அசையும் உதட்டோடு பொருந்துவது அடுத்த பாடம். 1943-இல் கன்னடத்தில் வந்த ‘ஹரிச்சந்திரா’வை ஏ.வி.மெய்யப்பன் மறு ஆண்டே தமிழில் டப் செய்து வெளியிட்டதிலிருந்து இன்றுவரை இந்தத் தொழிலின் தலைவலி இதுதான். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிநொடி. ஒலியும் படமும் எவ்வளவு விலகினால் பார்ப்பவர் கண்டுபிடிப்பார் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் அளவு சுவாரசியமானது. ஒலி முந்தினால் 45 மில்லிநொடியிலேயே தெரிந்துவிடுகிறது. பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை. மின்னலுக்குப் பின்னால் வரும் இடியைக் கேட்டுப் பழகிய மூளை, தாமதத்தைப் பொறுக்கும், அவசரத்தைப் பொறுக்காது. ஆகவே ஒரு ஃப்ரேமுக்குச் சற்றே கூடுதலாக முந்திப் பேசினாலே மாட்டிக்கொள்வோம். இரண்டு ஃப்ரேம் பிந்தினால் தப்பிக்கலாம்.

எல்லா எழுத்துகளுக்கும் இந்தக் கண்டிப்பு கிடையாது. க, ட, த எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, கண்ணுக்குத் தெரியாது. உதடு ஒட்டும் ப, ம ஆகிய இரண்டும்தான் காட்டிக்கொடுக்கும். இந்திக் கதாநாயகன் ‘மாஃப் கரோ’ என்றால், நல்ல வசனகர்த்தா ‘மன்னிச்சுக்கோ’ என்று எழுதுவார்: தொடக்கத்தில் ஒட்டும் உதடு, முடிவில் குவியும் உதடு, இரண்டும் சரியாக விழும். ‘என்னை மன்னிச்சிடு’ என்று எழுதினால் பொருள் ஒன்றுதான், ஆனால் படத்தில் உதடு மூடியிருக்கும்போது காதில் ‘எ’ கேட்கும். கண்ணும் காதும் முரண்பட்டால் காதுதான் தோற்கும் என்பதற்கு 1976-இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை சான்று. ‘க’ சொல்லும் உதட்டைக் காட்டி ‘ப’ ஒலியைக் கேட்கவைத்தபோது பெரும்பாலானவர்கள் கேட்டது ‘த’ போன்ற மூன்றாவது ஓர் ஒலி! எங்கே உதடு ஒட்டுகிறது என்று, படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக்கைக் கேட்டுக்கொண்டே குறித்துவைப்பவர் டேக் வாங்குவது குறையும்.

இதைவிட நுட்பமான ஒரு பொறி டப்பிங் தியேட்டரின் அமைதியிலேயே இருக்கிறது. இரைச்சல் சூழ்ந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். ஒலி மட்டும் கூடுவதில்லை, சுருதி ஏறும், உயிரெழுத்துகள் நீளும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911-இல் இதை விவரித்தார். கோயம்பேட்டில் பேருந்துக்கு முன்னால் கத்திப் பேசும் காட்சியை, ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் நின்று பேசும்போது இந்த இயல்பு வேலை செய்யாது. வசனம் சரி, சிங்க் சரி, ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை என்று இயக்குநர் மறுபடி மறுபடி ‘ஒன் மோர்’ கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். ஹெட்போனில் சந்தை இரைச்சலைக் கொஞ்சம் கலந்து தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இனி, தொண்டை. ஒரு பெண் கலைஞர் ஒரு நாளில் நிகரமாக ஒரு மணி நேரம் குரலெழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 210 வீதம், குரல்நாண்கள் ஏழரை லட்சம் தடவைக்கு மேல் மோதிக்கொள்கின்றன. அலறல் காட்சியில் எண்ணிக்கை கூடுவதோடு மோதும் வேகமும் கூடுகிறது. மோதல் மிகக் கடுமையாக விழும் நடுப்பகுதியில், நாளடைவில் இருபுறமும் காய்ப்புப்போல முடிச்சுகள் வளரும். அப்புறம் நாண்கள் முழுசாக மூடாது; காற்று கசியும், குரல் கம்மும். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை, குரல் பயிற்சியும் ஓய்வும்தான். ஆனால் ஓய்வு என்றால் அத்தனை நாளுக்கும் சம்பளம் இல்லை என்று பொருள். சண்டை, ஒப்பாரி, அலறல் எல்லாவற்றையும் கால்ஷீட்டின் கடைசியில் வைக்கும் பழக்கம் ஒவ்வொரு தியேட்டரிலும் வர வேண்டும். காலையில் அலறவிட்டு மாலையில் காதல் வசனம் கேட்பது அந்தக் கலைஞருக்குச் செய்யும் அநியாயம்.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் பற்றி ஒரு வார்த்தை. தொண்டைக்கு இதம்தான், எச்சில் ஊறும், எரிச்சல் தணியும். ஆனால் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் அதற்குப் பெயர் புரையேறுதல். குடிக்கும் தண்ணீர்கூட ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றித்தான் அங்கே போய்ச் சேருகிறது. மைக் முன்னால் நின்றுகொண்டு இரண்டு மடக்கு குடிப்பதைவிட, காலையிலிருந்தே குடித்துவருவது பலன் தரும். நேரே அங்கே போய்ச் சேருவது ஆவி மட்டும். செருமுவது இரண்டு நாண்களையும் அறைந்து மோதவைப்பது. அதற்குப் பதில் எச்சிலை விழுங்கலாம். குரல் கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு என்று நினைக்கிறோம். பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்குகிறது. பேசாமல் இருப்பதே ஓய்வு. கம்மல் மூன்று நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்சே பரப்பிய ஓர் எளிய பயிற்சி உண்டு: மெல்லிய உறிஞ்சுகுழலை உதட்டில் கவ்வி, அதன் வழியே ‘ஊ’ என்று சுருதி ஏற்றி இறக்குவது. குழலில் தடைபடும் காற்று திரும்ப அழுத்துவதால் நாண்கள் பலமாக மோதாமல் மென்மையாக அதிர்கின்றன. தியேட்டருக்குப் போகும் ஆட்டோவிலேயே செய்யலாம்.

வாய்ப்பு பெரும்பாலும் கூட்டக் குரலில்தான் தொடங்குகிறது. கல்யாண வீடு, போராட்டம், மருத்துவமனை வராந்தா என்று பத்துப் பேரோடு நின்று பேசுவது. சினிமா டப்பிங்குக்கு யூனியன் கார்டு, பிறகு சீரியல், கார்ட்டூன், விளம்பரம், ஒலிநூல். ‘அமராவதி’யில் (1993) அஜித்துக்கும் ‘காதல’னில் (1994) பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் விக்ரம், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘சேது’ அதற்குப் பிறகுதான் வந்தது. ‘பம்பா’யில் மனீஷா கொய்ராலாவைத் தமிழ் பேசவைத்தவர் ரோகிணி. இருவரும் முதலில் நடிகர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடிவரும் காட்சிக்கு நின்ற இடத்திலேயே ஓடி மூச்சு வாங்குபவரின் குரல்தான் ஓடிவந்த குரலாக ஒலிக்கும். பழகுபவர் தினமும் தன் பேச்சைப் பதிவுசெய்து கேட்பது அவசியம். முதலில் அருவருப்பாகத்தான் இருக்கும். நம் குரல் நமக்கு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்பதால் அதன் கீழ்ச்சுருதிகள் தூக்கலாகப் பழகிப்போயிருக்கின்றன; ஊருக்குக் கேட்பது பதிவில் இருப்பதுதான்.

இப்போது குரல்நாண் முதல் உதடு வரையிலான அந்தக் குழாயின் தனித்தன்மையைக் கணினியும் கற்றுக்கொண்டுவிட்டது. ‘லால் சலாம்’ (2024) படப் பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர்.ரஹ்மான் மீட்டபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று அவர்களுக்கு உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். எல்லோரும் அப்படி நடந்துகொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. புதிதாக வரும் தம்பி தங்கைகள், பதிவான குரல் எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு, இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்க எடுக்கலாமா கூடாதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மைக் முன்னால் நிற்க வேண்டும்.