தளர்நடையும் ரோடு டெஸ்டும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை மாலை என்பதால் வளைகுடா முழுவதிலிருந்தும் இணைந்திருக்கிறீர்கள். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் நண்பர்களில் பலருக்கு நாளை வேலை நாள். அதனால் சுருக்கமாகவே பேசிவிடுகிறேன்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே இருக்கும் பலருடைய போனில் ஒரு வீடியோ இருக்கும். பிள்ளை முதன்முதலாக நடந்த வீடியோ. பாட்டியின் கையை விட்டு நான்கு அடி வைத்து, அம்மாவின் மடியில் போய்ச் சாயும். பத்து விநாடிகூட இருக்காது. பெட்ஸ்பேஸ் கட்டிலில் படுத்தபடி அதை எத்தனை முறை பார்த்திருப்போம்! ஆனால் அந்த நான்கு அடிக்கு முன்னால் பிள்ளை விழுந்ததையெல்லாம் யாரும் நமக்கு அனுப்பவில்லை. இன்று நான் பேச வந்தது விழுந்ததைப் பற்றித்தான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற உளவியல் பேராசிரியர் இருக்கிறார். குழந்தைகள் நடக்கக் கற்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவரும் அவர் குழுவினரும் 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகள் விளையாடும்போது வைத்த அடிகளை எண்ணிப் பார்த்து, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள். அதே ஒரு மணி நேரத்தில் 17 முறை விழுதல்.

அந்த ஆய்வில் இன்னொரு கேள்வியும் உண்டு. நன்றாகத் தவழத் தெரிந்த குழந்தை, அதை விட்டுவிட்டு ஏன் தள்ளாடி நடக்கப் பார்க்கிறது? புதிதாக நடக்கும் குழந்தை, தவழ்வதில் தேர்ந்த குழந்தையைவிட வேகமாக, அதிக தூரம் போகிறது. விழுவதோ ஏறத்தாழ அதே அளவுதான். எப்படியும் விழத்தான் போகிறோம் என்றால், தூரம் போகிற வழியிலேயே விழலாம். குழந்தை இப்படி யோசிப்பதில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

நான் ஊரில் பத்து வருடம் கார் ஓட்டிவிட்டு துபாய்க்கு வந்தவன். இங்கே வகுப்பு, பார்க்கிங் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று எல்லாம் முதலிலிருந்து. தவழ்வதில் கெட்டிக்காரன் மறுபடி நடை பழகிய கதை. ரோடு டெஸ்டில் மூன்று முறை தோற்றேன். மூன்றையும் வீட்டில் சொல்லவில்லை. நான்காவது முறை தேறியதும் லைசென்ஸைப் படம் எடுத்து அன்றே அனுப்பினேன். எனக்கு அவர்கள் அனுப்பியது போலவே, நானும் நான்கு அடியை மட்டும் அனுப்பினேன்.

'குழந்தையைப் பார், விடாமல் முயற்சி செய்' என்று சொல்லிவிடலாம். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். குழந்தைக்கு விழுவது மலிவு. தரை பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த முயற்சிக்குத் திர்ஹம் கட்ட வேண்டாம், மேனேஜரிடம் பர்மிஷன் கேட்க வேண்டாம். 'இன்னுமா பாஸ் ஆகல?' என்று ரூமில் யாரும் கேட்க மாட்டார்கள். நமக்கு ஒவ்வொரு தோல்வியும் பணமாகவும் வெட்கமாகவும் கணக்கில் ஏறுகிறது. பணத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. வெட்கத்தைக் குறைக்க முடியும்.

அதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பெரியாழ்வார் கண்ணனின் தளர்நடைக்கென்றே ஒரு பதிகம் பாடினார். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தன. 3ஆம் மாதம் காப்பு, 5ஆம் மாதம் செங்கீரை, பிறகு தால், சப்பாணி, முத்தம். அதற்கும் பிறகுதான் நடந்து வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவம். செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. நடப்பதை மட்டுமே கணக்கில் எடுத்தால் அது 'இன்னும் நடக்கவில்லை' என்ற நிலை. புலவர் அப்படிப் பார்ப்பதில்லை. வருகைக்குப் பத்துப் பாட்டு என்றால், வழக்கமாகச் செங்கீரைக்கும் பத்துப் பாட்டு. வருகைப் பருவத்திலும் குழந்தை தனியாக நடப்பதில்லை. எதிரே ஒருவர் 'வருக' என்று கை நீட்டி நிற்கிறார். குமரகுருபரர் மதுரைக்கே அரசியான மீனாட்சியைக்கூட அப்படித்தான் அழைக்கிறார்.

இதுவரை குழந்தையிடம் நாம் கற்பது. நம்மிடமிருந்து குழந்தை கற்பதும் உண்டு. எம்.ஐ.டி.யின் ஜூலியா லெனார்ட், யூனா லீ, லாரா ஷூல்ஸ் மூவரும் 2017இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 15 மாதக் குழந்தைகள் 262 பேர். சில குழந்தைகளின் முன்னால் ஒரு பெரியவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையைத் திணறித் திணறி, பலவிதமாக முயன்று எடுத்தார். வேறு சில குழந்தைகளின் முன்னால் சுலபமாக எடுத்தார். பிறகு குழந்தைகளிடம் ஓர் இசைப் பொம்மையைக் கொடுத்தார்கள். அதிலிருந்த பெரிய பட்டன் வேலை செய்யாது. பெரியவர் திணறியதைப் பார்த்த குழந்தைகள்தான் அதை அதிக முறை அழுத்திப் பார்த்தன. யாரும் புத்தி சொல்லவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது.

இங்கிருந்து ஊருக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? புதுச் சட்டை, லைசென்ஸ், 'அப்பா நல்லா இருக்கேன்டா கண்ணு'. திணறுவதை மட்டும் காட்டுவதில்லை. என் மகளுக்கு இப்போது எட்டு வயது. மார்க் குறைந்தால் பரீட்சைப் பேப்பரை ஒளித்து வைக்கிறாள் என்று அவள் அம்மா போன மாதம் சொன்னாள். யாரிடம் கற்றாள் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அந்த வாரம் வீடியோ காலில் ரோடு டெஸ்ட் கதையை முழுதாகச் சொன்னேன்.

"மூணு தடவையாப்பா?" என்றாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பேப்பரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளாகவே கணக்குப் பேப்பரைக் கேமரா முன்னால் பிடித்தாள். இருபத்தைந்துக்கு ஒன்பது. தப்பு எங்கே என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.