சுதேசிக் கண்வில்லை

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவரையும், வேப்பூர்ப் பக்கத்துப் புன்செய்க் காட்டில் களை பறிக்கிற மூதாட்டியையும் வித்தியாசமின்றிப் பிடிக்கும் வியாதி கண்புரை. மருந்தினால் அது தீராது. சஸ்திர சிகிச்சை ஒன்றே வழி. சிகிச்சையில் கண்ணின் இயற்கையான வில்லையே போய்விடுவதால், முன்பெல்லாம் சோடாப் புட்டியின் அடியைப் போன்ற கண்ணாடியைக் கடைசிவரை மூக்கின்மேல் சுமக்கவேண்டியிருந்தது. அது உடைந்த அன்றே பிழைப்பும் போயிற்று.

இதற்கு மாற்று 1949-ம் வருஷத்திலேயே பிறந்துவிட்டது. யுத்த விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டு, கண்ணைப் புண்ணாக்காமல் உள்ளேயே கிடப்பதை லண்டன் வைத்தியர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். அதே ஜாதிப் பொருளினால் வில்லை செய்து கண்ணுக்குள் பொருத்தினார். ஆயினும் நாற்பது வருஷம் கழிந்தும் அது நமது ஏழைகளுக்கு எட்டவில்லை. இறக்குமதி வில்லை ஒன்றுக்குச் சுமார் 100 டாலர் விலை.

அந்த விலையை உடைத்த ஸ்தாபனத்துக்கு மூலபுருஷர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-ல் சென்னை ஸ்டான்லி கல்லூரியில் வைத்தியப் பட்டம் பெற்று ராணுவ வைத்திய சேவையில் சேர்ந்தார். கீல்வாதம் அவரைப் படுக்கையில் தள்ளி, கைவிரல்களையும் கோணலாக்கிவிட்டது. பிரசவ வைத்தியராக எண்ணியிருந்த ஆசை அதோடு முடிந்தது. கோணிய விரல்களுக்கு ஏற்பச் சஸ்திரம் பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டு அவர் கண் வைத்தியத்துக்குத் திரும்பினார். அந்த விரல்கள் பின்னர் லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் செய்தன.

1976-ல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். உடன்பிறந்தார் நகைகளை அடகு வைத்தார்கள். பணமுள்ளவர் கொடுக்கும் கட்டணத்தில் இல்லாதவருக்கும் வைத்தியம் என்பது அவர் கணக்கு. அமெரிக்காவின் மக்டொனால்டு உணவுக்கடைகளை அவர் ஓயாமல் புகழ்ந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். எந்த ஊரிலும் ஒரே தரம், எளிய விலை என்பதே அவர் அங்கே கண்ட பாடம்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு பேதம் நுழைந்தது. கட்டணம் கொடுத்தவர் கண்ணுக்குள் வில்லை பெற்றார். இலவச நோயாளிக்குப் பழைய தடிக்கண்ணாடிதான். நன்கொடையாக வரும் வில்லைகள் எத்தனை நாளுக்கு, எத்தனை பேருக்கு? ஏழை நாடுகளுக்கு இத்தகைய நுட்பமான தொழில் ஏற்காது என்று சொன்ன நிபுணர்களுக்குக் குறைவில்லை. அமெரிக்கரான டேவிட் கிரீனும் சேவா ஸ்தாபனமும் துணை நிற்க, 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொழிற்சாலை எழுந்தது. அது தனியார் கம்பெனியல்ல, தர்ம டிரஸ்டு. ஆரம்பத்திலேயே வில்லையின் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. பிற்பாடு அதனினும் குறைந்தது. இலவச நோயாளியின் கண்ணிலும் வில்லை ஏறியது. நூறு தேசங்களுக்கு மேல் அந்த மதுரைச் சரக்கு இன்று போகிறது. தையல் நூலும் மருந்தும் உடன் போகின்றன.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ல் காலமானார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2003-ல், புதுச்சேரியில் எழுந்த அரவிந்த் ஆஸ்பத்திரி நமது ஜில்லாவாசிகளுக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது.

இதைத் தர்மகாரியம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். நமது ஆஸ்பத்திரிகளின் கருவிகளில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதியே என்பதை அதிகாரிகள் அறிவார்கள். இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017-ல் சர்க்கார் உத்தரவு போட்டு உச்சவிலை விதிக்க வேண்டியிருந்தது. கண்வில்லைக்கு அத்தகைய உத்தரவு எதுவும் வரும்வரை மதுரை காத்திருக்கவில்லை.