எரிமலை தெரியும் அறை வேண்டுமா?

குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் தங்க இடம் தேடுபவர்கள் முதலில் கேட்பது, "அறையிலிருந்து எரிமலை தெரியுமா?" என்றுதான். பெரும்பாலும் தெரியாது. ஸ்பானியர் காலத்து வீடுகள் தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டு முற்றத்தைப் பார்த்து நிற்பவை. சன்னலைத் திறந்தால் செடியும் நீரூற்றும்தான். தெற்கே அகுவா, மேற்கே அகாதெனாங்கோ, அதை ஒட்டி அடிக்கடி புகையும் ஃபுவேகோ என மூன்றையும் பார்க்க மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். மாடி இருக்கிற விடுதியாகப் பார்த்தால் போதும், காட்சிக்கென்று கூடுதல் வாடகை வீண்.

சாந்தா கத்தலினா வளைவு உள்ள தெரு அழகுதான், ஆனால் இரவில் கூட்டம். மேற்குக் கோடியில் சந்தையும் பஸ் நிலையமும் விடியுமுன்னே எழுப்பிவிடும். கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டி உருளாது, தூக்கித்தான் நடக்க வேண்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். கட்டிலுக்கு மேலே என்ன கூரை என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

1773 ஜூலை 29 அன்று வந்த நிலநடுக்கத்தில்தான் அப்போது தலைநகராக இருந்த ஆன்டிகுவா சரிந்தது. 1776-இல் தலைநகரையே வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றினார்கள். லா ரெகோலெக்சியோன் மடத்தில் வளைகூரைத் துண்டுகள் விழுந்த இடத்திலேயே பாறை பாறையாகக் கிடக்கின்றன. பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1976 பிப்ரவரி 4 அதிகாலை மூன்று மணிவாக்கில் 7.5 அளவில் நாடே குலுங்கியது. இறந்தவர்கள் சுமார் 23,000 பேர். சுடாத மண்கல் சுவரும் கனத்த ஓடும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்ததே பெருங்காரணம். ஃபுவேகோ 2018 ஜூனில் தெற்குச் சரிவு கிராமங்களை மூடியபோது ஆன்டிகுவா தப்பியது. நெருப்பு தூரத்தில்தான் இருக்கிறது, நடுக்கமோ படுக்கைக்கு அடியிலேயே.

காட்சிக்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம் என்பார்கள். போங்கள், பாருங்கள். ஆனால் முன்பதிவுக்குமுன் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: மண்சுவரா, புதுப்பித்தபோது கம்பி வைத்துக் கான்கிரீட் பெல்ட் போட்டார்களா, அறைக் கதவு நேராக முற்றத்துக்குத் திறக்கிறதா? வெந்நீர் வருமா என்றால் உடனே பதில் வரும். இதற்குத் தாமதமானால் அடுத்த விடுதிக்கு எழுதலாம். புனித வாரம் தவிர மற்ற நாட்களில் ஆன்டிகுவாவில் அறைக்குப் பஞ்சமில்லை.