ஒரே வீட்டில் இரண்டு டிஷ், இரண்டு ரிசீவர்

மீள்குடியேறிய வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் பலர் அடுத்ததாக நினைப்பது தொலைக்காட்சியைத்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு அது ஆடம்பரமல்ல. முன்னறையில் பிள்ளைகள் ஒன்றையும் உள்ளறையில் அம்மம்மா இன்னொன்றையும் பார்க்க விரும்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே வயரை ஸ்பிளிற்றர் போட்டு இரண்டாகப் பிரித்துவிட்டுக் காசு வாங்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு சில சனல்கள் வரும், சில வராது.

காரணம் எளிது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவிதான் அலையைப் பிடித்து வயருக்குள் அனுப்புகிறது. செய்மதி அலைகள் நிலைக்குத்தாகவும் கிடையாகவும் வரும். எது வேண்டும் என்பதை ரிசீவர் அதே வயர் வழியாக மின்னழுத்தத்தால் சொல்கிறது: 13 வோல்ற் என்றால் நிலைக்குத்து, 18 வோல்ற் என்றால் கிடை. இரண்டு ரிசீவர்கள் ஒரே எல்.என்.பி.யிடம் வெவ்வேறாகக் கேட்டால் 18 கேட்டதே வெல்லும். மற்ற அறையில் படம் போய்விடும். ஆகவே இரண்டு வாய் உள்ள ருவின் எல்.என்.பி. வாங்க வேண்டும்.

இனித் திசை. செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. யாழ்ப்பாணம் 80 பாகை கிழக்கில் இருக்கிறது. இன்ரெல்சற் 17 செய்மதி 66 பாகையில், அதாவது நமக்குத் தென்மேற்கில். தூரதர்ஷனின் இலவச சேவை 93.5 பாகையில், தென்கிழக்கில். இவ்வளவு இடைவெளிக்கு ஒரு டிஷ் போதாது. இரண்டுமே தரையிலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் இருப்பதால் தூரத்துப் பனை மறைக்காது. டிஷ்ஷுக்கு மேலே சாயும் தென்னோலைதான் மறைக்கும்.

முதலாவதற்கு சி-பாண்ட் டிஷ், 6 அடியளவில் வேண்டும். இரண்டாவது கே.யு.-பாண்ட், 2, 3 அடி டிஷ் போதும். கடும் மழையில் இந்தச் சிறிய டிஷ்ஷில் படம் உடைவது பழுதல்ல. பெரிய தகட்டு டிஷ் சட்டிபோல் மேலே பார்த்து நிற்பதால் அடியில் சிறு துளை இடுங்கள், இல்லையென்றால் நுளம்புதான் குடியேறும்.

பெரிய டிஷ்ஷின் தூணுக்குக் குழி தோண்டிச் சீமெந்து போட வேண்டும். போர் நடந்த காணிகளில் இதில் அவசரம் வேண்டாம். மிதிவெடி அகற்றிக் கையளித்த காணிகளிலும் ஆழத்தில் புதைந்த எறிகணைகள் பின்னர் வெளிப்பட்டதுண்டு. மண்வெட்டியில் இரும்பு தட்டினால் நிறுத்துங்கள். கிளறிப் பார்க்காமல், பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். காணி பற்றிச் சந்தேகம் இருந்தால் தோண்டவே வேண்டாம்; சிறிய டிஷ்ஷைச் சுவரில் பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இணைப்பில் இரண்டு டைசெக் சுவிற்ச் தேவை, ரிசீவருக்கு ஒன்று. ஒவ்வொரு டிஷ்ஷிலிருந்தும் இரண்டு வயர்கள் புறப்பட்டு ஆளுக்கொரு சுவிற்ச்சுக்குப் போகும். சுவிற்ச்சிலிருந்து அறைக்கு ஒரு வயர் மட்டும். மெனுவில் சி-பாண்டுக்கு 5150 என்றும் கே.யு.-பாண்டுக்கு 9750/10600 என்றும் கொடுத்து, எந்த டிஷ் எந்த வாயில் என்பதையும் குறிப்பிடுங்கள். டிஷ்ஷைத் திருப்பும்போது சிக்னல் பலத்தைப் பார்க்காதீர்கள். தரம் காட்டும் கோடு ஏற வேண்டும். கட்டணச் சனல்கள் இதில் திறக்காது.

வயரைக் கழற்றிப் பூட்டும்போது ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டும்போதே, இடி தொடங்கும் முன், டிஷ் வயரையும் கழற்றி வையுங்கள்.