நூறு சிசி இல்லாத ஆர்எக்ஸ் 100! இதெல்லாம் தெரியுமா?

யமஹா ஆர்எக்ஸ் 100 உண்மையில் 100 சிசி வண்டி இல்லை, தெரியுமா? 98 சிசிதான்! சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 50 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 98.17 என்று விடை வரும்.

ஆச்சரியம் இனிமேல்தான். வண்டி வருடக்கணக்கில் ஓடிச் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? லேத் பட்டறைக்குக் கொடுத்து ‘போர்’ போடுவார். உள்சுவரைக் கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டனையும் ரிங்குகளையும் மாட்டுவார். முதல் போர் போட்டதும் எஞ்சின் 99.16 சிசி ஆகிறது. இரண்டாவது போரில் விட்டம் 50.5 மில்லிமீட்டரைத் தொடுகிறது. அப்போது கணக்கு? 100.15 சிசி! ஷோரூமிலிருந்து வந்த நாளில் இல்லாத நூறு, இரண்டு முறை தேய்ந்து மீண்ட பிறகு கிடைக்கிறது! நாலாவது போரில் 102-ஐத் தாண்டிவிடும். அதற்குமேல் கடைய இடமில்லை என்றால் புது ஸ்லீவ் போடுவார்கள், வண்டி மறுபடி 98 சிசிக்கு வந்து நிற்கும். ஒரு ஆர்எக்ஸை முப்பது வருடம் வைத்திருப்பவர் இந்தச் சுற்றை முழுசாகப் பார்த்திருக்க வாய்ப்புண்டு!

1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய யமஹாவோடு சேர்ந்து இந்தியாவில் இறக்கிய வண்டி இது. 1996-ல் தயாரிப்பு நின்றுபோனது. பதினோரு வருடம்தான் விற்றார்கள். அது நின்றுபோய் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நம் ஊர்த் தெருக்களில் அந்தச் சத்தம் கேட்கிறதே, எப்படி?

சத்தம் என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். ஆர்எக்ஸ் தன் முழுச் சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். அப்படியானால் ஒரு விநாடிக்கு எத்தனை வெடிப்பு? 125! கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிளக் பல முறை பொறி தட்டி முடித்திருக்கும். விநாடிக்கு 125 அதிர்வு என்பது கர்நாடக சங்கீதத்தில் ஆண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் ஒரு கட்டை சுருதியின் கீழ் ஸட்ஜத்துக்குச் சற்றே கீழே! ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சரியாகச் சேர்ந்துவிடும். அதே வேகத்தில் பிஸ்டன் என்ன பாடுபடுகிறது தெரியுமா? 50 மில்லிமீட்டர் அறைக்குள்ளேயே மேலும் கீழும் போய், மணிக்கு 45 கிலோமீட்டர் கணக்கில் தூரம் கடக்கிறது!

சங்கீதம் இங்கே தற்செயலாக வரவில்லை. 1887-ல் டொராகுசு யமஹா என்பவர் ஒரு பள்ளிக்கூடத்தின் பழுதான ரீட் ஆர்கனைச் சரிசெய்தார். அந்த வேலையிலிருந்துதான் யமஹா என்ற நிறுவனமே பிறந்தது! ஆர்கன், பியானோ என்று செய்துகொண்டிருந்தவர்கள் 1955-ல்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தார்கள். யமஹா முத்திரையை உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் மூன்றும் சுருதி பார்க்கும் இசைக்கவைகள்! இன்னொரு வியப்பும் உண்டு. ஆர்எக்ஸின் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ‘ரீட் வால்வ்’ இருக்கிறது. ஆர்மோனியத்துக்குள் காற்றுக்கு அதிரும் மெல்லிய நாக்குகள் இருக்கின்றன அல்லவா, இங்கேயும் அதேபோல மெல்லிய உலோக நாக்குகள்தான். எஞ்சின் உறிஞ்சும்போது திறந்து பெட்ரோல் கலவையை உள்ளே விடுகின்றன, அழுத்தம் ஏறியதும் மூடிக்கொள்கின்றன. ரீட் ஆர்கனில் தொடங்கிய கம்பெனியின் வண்டிக்குள் ரீட்! பழைய வண்டியில் கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் திருப்பித் துப்பினால் இந்த நாக்குகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓரம் சிதைந்திருக்கலாம். விட்டுவைத்தால் உடைந்த துணுக்கு எஞ்சினுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு.

ஆர்எக்ஸின் பூர்வீகம் ஜெர்மனியில் என்றால் நம்புவீர்களா? யமஹா செய்த முதல் மோட்டார் சைக்கிளான 125 சிசி ஒய்ஏ-1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125-ஐ மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. அந்த ஆர்டி 125 பிறந்த ஊர் ஷோபாவ். போருக்குப் பிறகு அந்த ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது, அதே தொழிற்சாலை எம்இசட் என்று பெயர் மாறியது. அங்கே வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் டூ ஸ்ட்ரோக்கின் தலையெழுத்தையே மாற்றினார். எதைக் கொண்டு தெரியுமா? சைலன்ஸரைக் கொண்டு!

டூ ஸ்ட்ரோக்கின் பெரிய குறை, புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவது. கொஞ்சம் கலவை எரியாமலே வெளியே ஓடிவிடும். காடன் புகைக்குழாயின் வடிவத்தைச் செம்மைப்படுத்தி அதைத் தடுத்தார். குழாய் முதலில் புனலைப் போல விரியும், பிறகு குறுகும். வெடிப்பிலிருந்து கிளம்பும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் ஓர் இழுப்பாக மாறித் திரும்பி வந்து மிச்சப் புகையை உறிஞ்சுகிறது. குறுகும் இடத்தில் மோதிய அலையோ ஒரு தள்ளாகத் திரும்பி, வெளியே ஓடிப்போன புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே மறுபடி தள்ளிவிடுகிறது! கதவு மூடுவதற்குச் சற்று முன்னால், விநாடியில் மிகச் சிறிய பங்குக்குள் இது நடந்து முடிகிறது. வால்வும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, வெறும் தகரக் குழாயின் வடிவம்தான் இவ்வளவையும் செய்கிறது. 1961-ல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் 200!

அடுத்து நடந்தது சினிமாவையே மிஞ்சும். அதே 1961-ல் எம்இசட்டின் நட்சத்திர ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. மேற்கே தப்பிவிட்டார். குடும்பமும் ரகசியமாகக் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறியது. காடனின் ரகசியங்களோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுசுகி. மறு வருடமே, 1962-ல், 50 சிசி உலகக் கோப்பை சுசுகிக்கு, ஓட்டியவர் டெக்னர்! ஜப்பானின் மற்ற கம்பெனிகளும் டூ ஸ்ட்ரோக்கில் இந்த அலை வித்தையில் தேர்ச்சி பெற்றன.

இப்போது சொல்லுங்கள், ஆர்எக்ஸின் சைலன்ஸரை வெட்டலாமா? ‘சைலன்ஸரை வெட்டினால் வண்டி பறக்கும்’ என்று நம்பி எத்தனையோ பேர் வெட்டியிருக்கிறார்கள். வெட்டினால் கூடுவது சத்தம்தான். அலை திரும்பி வர வேண்டிய நீளம் கெட்டுப்போவதால் இழுவை குறைகிறது, பெட்ரோல் வீணாகிறது. பழைய ஆர்எக்ஸில் கம்பெனி சைலன்ஸர் அப்படியே இருந்தால் அது பொக்கிஷம், தயவுசெய்து கைவைக்காதீர்கள்! அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சுத்தம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்ஸரின் வால்பக்க உள்குழாயில் கார்பன் தார்போலப் படியும். வழி அடைபட்டால் வண்டி மூச்சு முட்டும், மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாவது கேட்கும். பலர் இதைச் சிலிண்டர் தேய்மானம் என்று எண்ணிப் போர் போட்டுவிடுகிறார்கள். போர் போடச் சொன்னால் முதலில் சைலன்ஸர் உள்குழாயைக் கழற்றிப் பாருங்கள்!

98 சிசியிலிருந்து எவ்வளவு சக்தி? 11 குதிரைத்திறன். அதே காலத்து புல்லட் 350, இதைவிட மூன்றரை மடங்கு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு கொடுத்தது 18. ஆர்எக்ஸின் எடையோ வெறும் 103 கிலோ! பச்சை விளக்கு விழுந்ததும் முதல் நூறு அடியில் ஆர்எக்ஸ் யாருக்கும் பிடி கொடுக்காததன் ரகசியம் இதுதான். எந்த கியரில் நின்றாலும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒரே உதையில் ஸ்டார்ட் செய்யலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் வேலை ஆர்எக்ஸில் இல்லை, கவனித்திருக்கிறீர்களா? யமஹா 1964-லேயே ‘ஆட்டோலூப்’ கொண்டுவந்துவிட்டது. தனி டப்பாவில் ஆயில், அதை அளந்து கொடுக்க ஒரு குட்டி பம்ப். எஞ்சின் வேகத்தோடும் ஆக்ஸிலேட்டர் கேபிளோடும் அது இணைக்கப்பட்டிருக்கிறது. முறுக்கினால் அதிக ஆயில், விட்டால் குறைவு. எவ்வளவு சாமர்த்தியம்! ஆனால் இதே சாமர்த்தியம் மலையிறக்கத்தில் கவனம் கேட்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கும்போது ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும், ஆயில் குறைவாக வரும், எஞ்சினோ கியரில் வேகமாகச் சுற்றும். அதனால்தான் பழக்கப்பட்டவர்கள் இறக்கத்திலும் அவ்வப்போது லேசாக ஒரு முறுக்கு கொடுத்து விடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக் பிடிப்பும் குறைவு. முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடி தளரும். நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். இந்த வண்டியை நான் எவ்வளவு நேசித்தாலும் சொல்கிறேன், அதன் வேகத்துக்கு அந்த பிரேக் போதாது. லைனிங்கையும் கேபிளையும் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

ஓட்டாமல் போர்த்தி வைத்தால் வண்டி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? டூ ஸ்ட்ரோக்கில் நேர்மாறு! கிராங்க் அறைக்குள் காற்று புகக்கூடாது என்பதற்காக இரு பக்கமும் ரப்பர் ஆயில் சீல்கள் இருக்கின்றன. வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் அவை இறுகி வெடித்துவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலையே உறிஞ்சிக் குடிக்கும், வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போகும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் இன்னும் மோசம். வெளிக்காற்று உள்ளே நுழையும், பெட்ரோல் பங்கு குறையும், ஐட்லிங் தானாக ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஐட்லிங் அப்படி முரண்டு பிடித்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள்!

புது எதிரியும் ஒன்று வந்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் சேர்ந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிற்கிற வண்டியின் டாங்கில் துரு கூடும், பழைய ரப்பர் குழாய்கள் ஊதிப்போகும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலிந்து எஞ்சின் சூடும் ஏறும். பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி அடுத்த அளவு மெயின் ஜெட் போட வேண்டி வரலாம்.

சரி, இவ்வளவு வயதான வண்டிக்குச் சட்டத்தில் இடம் உண்டா? உண்டு! பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 1989 ஜூலைக்கு முன் பதிவான ஆர்எக்ஸ் என்றால் ‘டிஎன்’ மாவட்ட எண் வருவதற்கு முந்தைய பழைய மூன்றெழுத்துப் பலகையே இருக்கும், அது தனிக் கௌரவம்! ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள். எஸ்கார்ட்ஸ் ஆலைகள் இருந்தது தில்லியை ஒட்டிய வட்டாரத்தில். 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தில்லி தேசியத் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தபோது, கடைசியாகச் செய்த ஆர்எக்ஸ் 100-க்கே 22 வயது! பிறந்த மண்ணில் தடை, இங்கே சேலத்திலும் கோவையிலும் மதுரையிலும் ராஜநடை!

வாங்கும் ஆசை வந்துவிட்டதா? அப்படியானால் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் முதலில் குனிந்து எண்களைப் படியுங்கள். ஹேண்டில் கழுத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் மேல் உள்ள எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வெளியே ஆர்எக்ஸ் 100 என்ற பெயர், உள்ளே தம்பி ஆர்எக்ஸ் 135-இன் 132 சிசி எஞ்சின் என்று சுற்றும் வண்டிகள் ஏராளம்! துருவேறி எண் அழிந்த வண்டியும், எஞ்சின் மாறிய வண்டியும் அடுத்த புதுப்பித்தலில் சிக்கிக்கொள்ளும், எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி.